ஆறு துண்டான இடது கை

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எக்ஸ்ரே பிரிவில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் வகுப்பாம். தலைப்பு, 'நோயாளிப் பராமரிப்பில் ரேடியோகிராபரின் சட்டப் பொறுப்பும் அறப் பொறுப்பும்'. படித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. பதினைந்து நிமிடம் பேசினால் போதும் என்றார்கள். இரண்டு பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். முதல் பக்கத்தில் பாதி தாண்டியதும் முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, "பிலிம் காணாம போனா என்ன பண்ணுவீங்க மேடம்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே பக்கத்துப் பெண்ணிடம், "எப்படிக் காணாம போகும், சர்வர்லதானே இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! குறிப்பை மடித்துக் கைப்பையில் போட்டுவிட்டு, எண்பதாம் வருடம் ஒரு மனிதனுடைய இடது கையை ஆறு துண்டாக்கி ஊருக்குப் பங்கு போட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பதினைந்து நிமிடம் ஒரு மணி நேரமானது. டீ ஆறிப்போனது. அதையே எழுதித் தாருங்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள், எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றாமல் எழுதினால் நோயாளியின் ரகசியம் பற்றி நான் அங்கே பேசியதற்கு அர்த்தமே இல்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் பயிற்சி. இருநூற்றாறு எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தேன், ஹாஸ்டல் உப்புமாவைச் சகித்துக்கொண்டேன், சான்றிதழ் கொடுத்தார்கள். எழுபத்து நாலில் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தேன். ஒரு எக்ஸ்ரே மெஷின், ஒரு இருட்டறை, இருட்டறையைப் பார்த்துக்கொள்ள கோபாலண்ணன் என்று ஐம்பது வயது உதவியாளர். அவருக்கு மேல் நான். எனக்கு மேல் டாக்டர் ராஜசேகரன்.

டாக்டர் ராஜசேகரனிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் பிற்பாடு எந்த நீதிமன்றத்துக்கும் பயப்பட மாட்டார்கள். ஏனென்றால் அவர் அறையே ஒரு நீதிமன்றம். பிலிமைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பார்க்க மாட்டார். மேஜைமேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, "யாருது?" என்பார். பெயர் சொன்னால், "எந்தப் பக்கம்?" என்பார். "எதுக்கு எடுத்தோம்? யார் எடுக்கச் சொன்னாங்க? அவருகிட்ட எதுக்குனு சொன்னியா?" என்று வரிசையாக வரும். ஞாபகத்திலிருந்து பதில் சொன்னால் போச்சு. "ஞாபகம் வேணாம், நோட்டைப் பாத்துச் சொல்லு" என்பார். படம் எடுக்கும்போது ஓரத்தில் வைக்கும் ஈய எண் பிலிமில் பதிந்திருக்க வேண்டும், அந்த எண் நோட்டில் இருக்க வேண்டும், நோட்டில் இருக்கும் ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால்தான் பிலிமைத் திருப்புவார்.

எங்கள் ஊரில் அது அவசியமும்கூட. ஒரே காலையில் நான்கு அண்ணாமலைகள் வருவார்கள். அதில் இரண்டு பேருக்கு அப்பா பெயரும் அண்ணாமலை. கூட வந்த மனைவியிடம் பெயர் கேட்டால், கட்டின புருஷன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று ஜன்னல் வழியாக மலையைக் காட்டுவாள். நான் வயது, அப்பா பெயர், ஊர், எந்தக் காதுக்குக் கீழே மச்சம் என்று எல்லாவற்றையும் எழுதி மூச்சுவிடுவதற்குள் அடுத்த அண்ணாமலை வந்துவிடுவார்.

டாக்டருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். சாதாரண நாளில் "வசந்தா, வா." கொஞ்சம் தப்பு செய்தால் "வாங்க." நிறையத் தப்பு செய்தால் "வாங்க மேடம், உக்காருங்க." ஒரு தடவை கோபாலண்ணன் இடது கால் பிலிமில் வலது கால் என்று சீட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார். "வாங்க கோபால் சார்" என்று டாக்டர் கூப்பிட்டதும் அவர் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "பிலிம் கழுவறேன், கதவைத் தொறக்க முடியாது" என்று மத்தியானம் வரை உள்ளேயே இருந்துவிட்டார்.

போலீஸ் கேஸ் பிலிம்களுக்குத் தனி முறை. ஆளின் உடம்பில் இரண்டு அடையாளம் எழுத வேண்டும், கைரேகை வாங்க வேண்டும், கூட வந்த போலீஸ்காரர் கையெழுத்துப் போட வேண்டும். பிலிமைப் பழுப்பு உறையில் போட்டு, தனி பீரோவில் பூட்டி, சாவியை என் இடுப்பில் செருகிக்கொள்வேன். அந்தச் சாவியால் எனக்கு அந்தக் காலத்தில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

எழுபத்தொன்பது தீபத்துக்கு மறுநாள், அடி அண்ணாமலையிலிருந்து பெருமாள் என்று ஒருவரை ஏட்டு கூட்டிக்கொண்டு வந்தார். இடது கையைத் துண்டால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அழுதார். தீபக் கூட்டத்தில் பொரிகடலைக் கடை போடும் இடத்துக்காக அவருக்கும் அவர் மச்சான் முனுசாமிக்கும் சண்டை. முனுசாமி அடித்ததில் கை ஒடிந்துபோனது என்று புகார்.

"எதால அடிச்சாரு?" என்று கேட்டேன்.

"கொடையாலம்மா."

"விரிச்ச கொடையா, மடக்கின கொடையா?"

ஏட்டு சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெருமாள் என்னை முறைத்தார். நான் சிரிக்கவில்லை. அடையாளம் எழுதி, ரேகை வாங்கி, ஈய எண்ணை வைத்து, நேராக ஒன்று பக்கவாட்டில் ஒன்று என்று ஒரே பிலிமில் இரண்டு படம் எடுத்தேன். படத்தில் எலும்பு ஒடிந்திருந்தது உண்மைதான். ஆனால் நேற்று ஒடிந்ததில்லை. வருடக்கணக்காகி, ஒடிந்த இடம் தடித்துக் கூடி, நன்றாகவே ஆறிப்போன எலும்பு. புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. டாக்டர் அதையே சான்றிதழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இந்த இடத்தில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எலும்பு ஒடிந்தால் கொடுங்காயம், ஜெயில் உண்டு. ஒடியாவிட்டால் சின்ன கேஸ். முனுசாமி நான்கு வருடம் அலைந்து கண்டக்டர் வேலைக்குத் தேர்வாகியிருந்தார். போலீஸில் கொடுங்காயக் கேஸ் நிற்கிறது என்பதால் உத்தரவை நிறுத்தி வைத்திருந்தார்கள். டாக்டரைச் சரிக்கட்டி முனுசாமி பொய்ச் சான்றிதழ் வாங்கிவிட்டான் என்று பெருமாள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியானால் பிலிமே வந்து பேசட்டும் என்று முனுசாமியின் வக்கீல் கேட்டார். ஆக, அந்த மனிதருடைய வேலை, மானம் எல்லாம் என் பீரோவுக்குள் ஒரு பழுப்பு உறையில் இருந்தது.

திங்கட்கிழமை தவறாமல் முனுசாமி வருவார். உள்ளே வர மாட்டார், வாசல்படியில் நிற்பார்.

"எக்ஸ்ரேம்மா, பிலிமு நல்லா கீதாம்மா?"

"இருக்குதுங்க."

"அதுல இன்னா தெரியுதும்மா?"

"அது உங்க கை இல்லீங்க. யாரோட கையோ அவங்களுக்கும் கோர்ட்டுக்கும்தான் சொல்லலாம்."

"சரிம்மா. பத்திரமா மட்டும் வெச்சிரும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். சாவியைத் தட்டிக் காட்டுவேன். எனக்கு அதில் ஒரு பெருமை.

அடுத்த வருடம் மாசியில் சூரிய கிரகணம் வந்தது. பெரிய கிரகணம், ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வருவது என்று ரேடியோவில் விடாமல் சொன்னார்கள். பாதி ஊர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க முடிவெடுத்தது. மீதிப் பாதி எக்ஸ்ரே பிலிம் கேட்டு எங்கள் வாசலில் வந்து நின்றது. கறுப்பு பிலிம் வழியாகப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். அது கெடுதல் என்பது எங்களுக்கே பின்னால்தான் தெரிந்தது.

நான் கறாராகத்தான் இருந்தேன். நோயாளிகளின் பிலிம் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது, வெளிச்சம் பட்டு முழுக்கக் கறுத்துப்போன வீண் பிலிம்களை மட்டும் வெட்டிக் கொடுக்கலாம் என்று கோபாலண்ணனிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன். ஒருவருடைய எலும்பை இன்னொருவர் பார்ப்பது அவரைத் துணியில்லாமல் பார்ப்பதற்குச் சமம் என்று வரிசையில் நின்றவர்களுக்கும் சேர்த்து ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். ஒரு கிழவர் பயந்துபோய் வரிசையை விட்டே போய்விட்டார்.

அன்று காலையில்தான் கோர்ட் சம்மனும் வந்திருந்தது. எண்ணைச் சரிபார்க்கப் பெருமாளின் பிலிமை உறையிலிருந்து எடுத்து வெளிச்சப் பெட்டியில் மாட்டியிருந்தேன். வாசலில் ஒரே கூச்சல். "சீக்கிரம் கொடுங்கம்மா, பிடிக்கப் போவுது!" என்கிறார்கள். கோபாலண்ணன் கையிலிருந்த வீண் பிலிம் கட்டு தீர்ந்துவிட்டது. மேஜைமேல் கிடந்த வீண் பிலிம்களை அள்ளிக் கோபாலண்ணன் கையில் கொடுத்தேன். அள்ளின வேகத்தில் வெளிச்சப் பெட்டியில் இருந்ததையும் சேர்த்து உருவிக் கொடுத்துவிட்டேன். நான்தான் கொடுத்தேன். வேறு யாரும் இல்லை. கோபாலண்ணன் கத்தரிக்கோலும் கையுமாக நின்றவர், மேலே பார்க்கக்கூட நேரமில்லாமல் சர்க் சர்க்கென்று வெட்டித் தள்ளினார்.

அன்று சனிக்கிழமை. கூட்டம் கலைந்ததும் உறைக்குள் பார்க்காமலேயே பீரோவில் வைத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை முனுசாமி வந்து கேட்டார். "பத்திரமா இருக்கு" என்று சாவியைத் தட்டினேன். செவ்வாய்க்கிழமை பீரோவைத் திறந்து உறையை எடுத்தேன். உறை லேசாக இருந்தது.

பீரோவைக் கவிழ்க்காத குறையாகத் தேடினேன். வெளிச்சப் பெட்டிக்குப் பின்னால், பிலிம் கழுவும் ஹைப்போ தொட்டிக்கு அடியில், இருட்டறையில் என்று எங்கெங்கோ தேடிக் கடைசியில் கோபாலண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் யோசித்து, "கட்டுல ஒண்ணு மட்டும் நடுவுல வெள்ளையா இருந்துச்சும்மா. இது இன்னாடா ஆகாத பிலிமுனு நெனச்சிக்கினே ஆறா வெட்டினேன்" என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர்தான் என்னைத் தேற்றினார். கதவைச் சாத்திவிட்டு, சட்டைக் கையை மடித்து, தன் இடது கையை மேஜைமேல் நீட்டினார்.

"இன்னா பண்றீங்க அண்ணா?"

"எனக்கும் இதே கைதாம்மா. கபடில ஒடஞ்சி முப்பது வருஷம் ஆவுது. அதே எடம். எடுத்து, அதே நம்பரைப் போட்டு, உறைல வெச்சிருங்க. எலும்புல பேரா எழுதி வெச்சிருக்குது?"

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் பிலிம் கேசட்டை வைத்தேன். பெருமாளின் எண்ணை ஈயத்தில் கோத்து ஓரத்தில் வைத்தேன். ஈய ஏப்ரனைப் போட்டுக்கொண்டேன். பொய்ப் பிலிம்கூட இல்லையே, முனுசாமி உண்மையிலேயே குற்றமற்றவர்தானே, உண்மைக்குத்தானே உதவி செய்கிறோம் என்று மனசு நன்றாக வக்கீல் வேலை பார்த்தது. ஸ்விட்சைக் கையில் எடுத்துவிட்டேன். ஆறு வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? வாய் தன்பாட்டுக்கு, "பேரு?" என்று கேட்டுவிட்டது.

"கோபாலு" என்றார் அவர். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "பெருமாளு, பெருமாளு" என்றார்.

"அப்பா பேரு?"

அவர் திருதிருவென்று விழித்தார். "அவரு அப்பா பேரு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

ஸ்விட்சைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. முனுசாமி பொய்ச் சான்றிதழ் வைத்துத் தப்பித்தான் என்று ஏற்கெனவே பேச்சு. பொய்ப் பிலிமும் வைத்து அதை நானே நிஜமாக்க இருந்தேன். ஏப்ரனைக் கழற்ற மறந்து அதோடேயே டாக்டர் அறைக்குப் போனேன்.

டாக்டர் முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உக்காருங்க மேடம் அவர்களே."

'அவர்களே' அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"ஒவ்வொரு துண்டும் யார்கிட்ட போச்சுனு கோபாலுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். நல்லா கறுப்பா இருந்த துண்டை மட்டும் யாருக்குனு அவருக்கு ஞாபகம் வரல. ஓரத்துல நம்பர் இருக்கற துண்டு அதுதான்."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மறுபடியும் கழற்றினார். "அது எனக்குத் தெரியும்" என்றார். குரல் பாதியாகிவிட்டது. "மாஜிஸ்திரேட் வீட்டம்மா போன் பண்ணி, கொழந்தைங்க பாக்கணும், ஒரு பிலிம் குடுங்கனு கேட்டாங்க. நான்தான் கோபால்கிட்ட இருந்து, இருக்கறதுலயே நல்ல கறுப்பா ஒண்ணு பாத்து வாங்கிக் குடுத்தனுப்பினேன்."

"நம்பரைப் பாக்கலயா சார்?"

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறேன் என்று உறைத்தது. அவர் காது சிவந்தது.

"சாயங்காலம் நானே அவங்க வீட்டுக்குப் போயி வாங்கிட்டு வந்துடறேன் சார்" என்றேன்.

"போகக் கூடாது. கேஸ் அவர்கிட்டதான் நடக்குது. நடக்கற கேஸைப் பத்தி ஜட்ஜ் வீட்டுக் கதவைத் தட்டினா அது இதைவிடப் பெரிய தப்பு. மத்த அஞ்சையும் தேடு. ஒவ்வொண்ணுக்கும் யாரு குடுத்தாங்க, எங்க இருந்துச்சு, என்னிக்கு வாங்கினேனு எழுதிக் கையெழுத்து வாங்கு. ஆறாவதைக் கோர்ட்ல சொல்லிடு."

"அவரு முன்னாடியேவா சார்?"

"வேற யார் முன்னாடி சொல்லுவ?"

மூன்று நாள் நானும் கோபாலண்ணனும் வெயிலில் அலைந்தோம். இரண்டு துண்டு அவர் வீட்டிலேயே இருந்தது. ஒன்றில் அவர் மனைவி ஊறுகாய் ஜாடியை மூடி வைத்திருந்தார். மூன்றாவது ஆஸ்பத்திரி வாசலில் வாழைப்பழம் விற்கும் அம்சாவிடம். "சூரியன்கூட தெரியல, எவனோட எலும்போ குறுக்க நிக்கிது" என்று என்னிடமே குறைபட்டுக்கொண்டாள். ஒரு சீப்புப் பழம் வாங்கின பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

நான்காவது எங்கே இருந்தது தெரியுமா? பெருமாளைக் கூட்டி வந்தாரே அதே ஏட்டு, அவர் தொப்பிக்குள். விஷயத்தைச் சொன்னதும் மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"யம்மா, என் கேஸ் சாட்சியத்துலயா நான் கிரகணம் பாத்தேன்? என் பேரு வரக் கூடாதும்மா!"

"வந்தே தீரும் சார். இங்க கையெழுத்துப் போடுங்க."

ஐந்தாவதுதான் சிரமம். செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரரிடம் இருந்தது. வயிற்றுக்கடுப்புக்கு மருந்து வாங்க வந்த இடத்தில் கோபாலண்ணன் அவருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார். நாங்கள் போனபோது மனிதர், 'நான் யார்?' என்ற ரமணரின் கேள்வியோடு மௌன விரதத்தில் இருந்தார். சுவரில் பெருமாளின் முழங்கை, முன்னால் ஒரு ஊதுபத்தி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, சிலேட்டை எடுத்து ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். 'இது யார்?'

பெருமாளின் பெயரைச் சொல்லவா முடியும்? நோயாளியின் ரகசியமாயிற்றே. "சொல்லக் கூடாது" என்றேன்.

சிலேட்டைத் துடைத்து மறுபடி எழுதினார். 'உங்களுக்குத் தெரியுமா?'

"தெரியும். ஆனா சொல்ல மாட்டேன்."

அவர் என்னை வெகு நேரம் உற்றுப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்தது. எழுந்து, சுவரிலிருந்து துண்டை எடுத்து என் கையில் வைத்து, சாஷ்டாங்கமாக விழுந்துவிட்டார். கோபாலண்ணன் என் காதோரம், "கையெழுத்தையும் வாங்கிருங்கம்மா, மறுபடி எந்திரிக்கறதுக்குள்ள" என்றார்.

ஐந்தையும் செலோ டேப்பால் ஒட்டி வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் போனேன். கூண்டில் ஏறியதும், பெருமாளுக்காக வந்திருந்த வக்கீல் பிலிமை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் கோர்ட் முழுக்கக் காட்டினார்.

"என்னம்மா இது, கைக்கு எக்ஸ்ரேவா, எக்ஸ்ரேக்கே மாவுக்கட்டா?" எல்லோரும் சிரித்தார்கள். "நம்பர் எங்க? நம்பர் இல்லேனா இது யார் கை? உங்க கையா?"

முனுசாமியைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். நான் அள்ளினது, வெட்டினது, தேடினது, கோபாலண்ணன் கையை மேஜைமேல் வைத்தது உட்பட. கையெழுத்து வாங்கின காகிதத்தையும் கொடுத்தேன். ஏட்டு மெல்ல வெளியே நழுவினார். மாஜிஸ்திரேட் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே கேட்டார்.

"ஆறாவது துண்டு எங்கே?"

டாக்டர் பின்பெஞ்சில் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா வீட்டுல இருக்குதுங்க."

பேனா நின்றது. என்னை ஜெயிலுக்கு அனுப்பப்போகிறார் என்றே நினைத்தேன். வீட்டில் அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்தது. மாஜிஸ்திரேட் நிமிர்ந்து, "நான் கிரகணமே பாக்கலையேம்மா" என்றார். பாவம், குரலில் ஏக்கமே இருந்தது. "மாமியார் வெளிய விடல." பிறகு டவாலியைக் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்பினார். எல்லாவற்றையும், தன் வீட்டிலிருந்து துண்டு வந்ததையும் சேர்த்து, தன் கையாலேயே குறிப்பில் எழுதினார்.

துண்டு வந்தது. ஓரத்தில் ஒரு குழந்தையின் ஜாங்கிரிக் கைரேகை. அதற்குப் பக்கத்தில் பளிச்சென்று எண். வெட்டின விளிம்பு மற்றத் துண்டுகளோடு கச்சிதமாகப் பொருந்தியது. மாஜிஸ்திரேட் எல்லோரையும் ஜன்னல் பக்கம் வரச் சொன்னார். இரண்டு வக்கீல்களும் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால், மூன்று மாதமாக இடுப்புக்கு மேல் தூக்கவே வராத கையைக் கழுத்தில் கட்டிய துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு பெருமாள் எக்கி எக்கிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"எங்க, நானும் பாக்கறேன்" என்று உள்ளே புகுந்தார். கழுத்துத் துண்டிலிருந்து இடது கையை உருவினார். பிலிமை வாங்கினார். ஊரே அந்த மாதம் பழகியிருந்த மாதிரி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தலைக்கு மேலே நன்றாக நீட்டி, சூரியனுக்கு நேரே பிடித்தார்.

ஒருவரும் பிலிமைப் பார்க்கவில்லை. எல்லோரும் கையைத்தான் பார்த்தோம்.

அவர் வக்கீல் மெதுவாக, "பெருமாளு, கையை எறக்கு" என்றார்.

"இருங்க சார், நல்லா தெரியுது."

"எங்க ஒடஞ்சது தெரியுதா?" என்று மாஜிஸ்திரேட் அன்பாகக் கேட்டார்.

"தோ, இங்கதாங்க. அஞ்சாவது படிக்கும்போது புளியமரத்துல இருந்து விழுந்தேன்."

வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்டார். அதற்குமேல் யாரும் ஒன்றும் வாதாட வேண்டியிருக்கவில்லை. மத்தியானத்துக்குள் இரண்டு தரப்பும் ராஜியாகிவிட்டார்கள், கேஸ் முடிந்தது. டாக்டர் எனக்கும் ஒரு மெமோ கொடுத்தார், தனக்கும் ஒன்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். எனக்கு ஒரு வருடச் சம்பள உயர்வு போனது. அதில் வருத்தமில்லை.

வருத்தம் வேறு. கோர்ட்டை விட்டு இறங்கும்போது எனக்கு ஒரே பெருமிதம். உண்மையைச் சொல்லி ஒரு மனிதரைக் காப்பாற்றிவிட்டேனே! வராந்தாவில் முனுசாமி நின்றுகொண்டிருந்தார். கையெடுத்துக் கும்பிடப் போகிறார், பரவாயில்லைங்க என்று சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் தயார்கூடச் செய்துகொண்டேன். அவர் கும்பிடவில்லை. கோபப்படவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஏம்மா, நாலு வருஷம் காத்துக்குனு கெடந்த வேலம்மா. வாராவாரம் வந்து பத்திரமானு கேட்டேன். பத்திரம்னு சொன்னியே. என் வாழ்க்கைய வெச்சிதானாம்மா எல்லாரும் கிரகணம் பாத்தீங்க?"

"தப்புதாங்க, மன்னிச்சிருங்க" என்றேன். அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அடுத்த மாதமே அவருக்குக் கண்டக்டர் வேலை வந்துவிட்டது. செங்கம் வழித்தடம். நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போக வேண்டியிருந்தது. பஸ் வரும், படியில் அவர் நிற்பார், "ஏறுங்கம்மா, எடம் கீது" என்பார். எனக்கு அவசரம் இல்லீங்க என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் நிற்பேன்.